ஒரே வாய்க்கால், மூன்று முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) சாகுபடி பற்றித் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தகவல்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், கடைமடை (வாய்க்காலின் கடைசி முனை) விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததால் ஆளுக்கொரு விதமாக முடிவெடுக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வேளாண்மைத் துறையில் 33 ஆண்டுகள் வயல் வரப்பில் நடந்து, 2016-இல் உதவி வேளாண்மை அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற சொல்லை நானும் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியாதபோது கை தானாக எழுதுகிற சொல் அது.

எங்கள் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே உள்ளவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். ஆழ்குழாய் போட்டால் உப்புத் தண்ணீர். ஆக, ஆறு, அது இல்லையென்றால் வானம். அப்பா காலமானபின் இருபத்தேழு மாவை அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் ஆளுக்கு ஒன்பது மாவாகப் பிரித்துக்கொண்டோம். (மா கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒன்பது மா என்பது ஏறக்குறைய மூன்று ஏக்கர்.) ஒரே மண், ஒரே மதகு, ஒரே வாய்க்கால். மூன்று பேர் கைபேசிக்கும் வானிலைக் குறுஞ்செய்தி ஒரே நிமிடத்தில்தான் வருகிறது. அணையின் நீர்மட்டத்தை மூவரும் தங்கள் பத்திரிகையில்தான் பார்க்கிறோம். விழிப்புணர்வுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. அப்படியும் ஒவ்வொரு வருடமும் மூன்று வயலில் மூன்று விதமான பயிர் நிற்கிறது.

2022-இல் மேட்டூர் அணை மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. செய்தி வந்த அன்று மாலையே தம்பி டிராக்டருக்குச் சொல்லிவிட்டான். தண்ணீர் வருமுன்னே காய்ந்த மண்ணில் புழுதி உழவு முடிந்து, ஆடுதுறை 43 என்ற குறுகிய கால நெல் விதை மூட்டைகள் அவன் வீட்டுத் திண்ணையில் ஏறிவிட்டன. அண்ணன் அந்தத் திண்ணையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூட்டைகளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். என்னிடம் மட்டும், “மே மாசத்துல திறந்த தண்ணி எத்தனை நாளைக்கு வரும்னு நெனைக்கிற?” என்றார். அவர் குறுவையே போடவில்லை. ஆகஸ்டில் நேராக சிஆர் 1009 விதைத்தார். எங்கள் பக்கம் அதைப் பொன்மணி என்போம், 155 நாள் பயிர். அதை விதைத்துவிட்டு ஜனவரி வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தம்பி மழைக்கு முன்னே குறுவையை அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, தாளடியும் (குறுவை அறுத்த வயலில் போடும் இரண்டாம் பயிர்) நட்டுவிட்டான். அந்த வருடம் ஊரில் அவன் வைத்ததுதான் சட்டம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த பருவம் தப்பிய மழையில் அவனுடைய தாளடி சாய்ந்தது. அதை மட்டும் அவன் இன்றுவரை கணக்கில் சேர்ப்பதில்லை.

2023-இல் ஜூன் 12-ஆம் தேதி சரியாக அணை திறந்தார்கள். அப்போது நீர்மட்டம் 103 அடி. தம்பி ஒன்பது மாவிலும் நேரடி விதைப்பு. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடியே விட்டார்கள். பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் எங்கள் வாய்க்காலில் ஆட்டுக்குட்டி குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. டீசல் என்ஜினை வைத்துக் குட்டையில் கிடந்ததையெல்லாம் இறைத்துப் பார்த்தான். ஏக்கருக்கு முப்பதாயிரம் வரை போட்டவனுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. அந்த வருடம் அண்ணன் வைத்தது சட்டம்.

அடிபட்டவன் அடுத்த வருடம் நிதானமாவான் என்று நான் நினைத்தேன். 2024-இல் ஜூன் 12-க்கு அணை திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். தம்பி அதுவரை பொறுக்கவில்லை. ஜூன் கடைசியில் பெய்த ஒரு தூறலை நம்பிப் புழுதி விதைப்புச் செய்தான். பாதி முளைத்தது, பாதியைக் குருவி தின்றது. அண்ணனாவது தைரியமாவார் என்று பார்த்தால், 2025-இல் ஜூன் முடிவதற்குள் அணை நிரம்பி நின்றபோதும் அவர் குறுவைக்கு இறங்கவில்லை. நான்கு வருடம் ஆறு அவர்கள் இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பாடம் நடத்தியது. ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. அல்லது ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வருடத்திலிருந்து மட்டும் கற்றுக்கொண்டார்கள். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று தம்பி சொல்வான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று அண்ணன் சொல்வார். இரண்டையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதே அப்பாதான்.

இதுவரை படித்தவர்கள் தம்பியைத் துணிச்சல்காரன் என்றும் அண்ணனைப் பயந்தவர் என்றும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அறுவடைக்குப் பிறகு நடப்பதைப் பார்த்ததும் அந்தக் கணக்கு உதைத்தது. நெல் களத்துக்கு வந்துவிட்டால் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், காயவைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரத் தம்பி தார்ப்பாய் போட்டு மூடி, மூட்டைக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் பத்து நாள் படுத்துக் கிடப்பான். அரசு விலையில் ஒரு ரூபாய்கூட விடமாட்டான். நிதானக்கார அண்ணன், அறுவடை இயந்திரம் கொட்டிய இடத்துக்கே வருகிற வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பணத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். “ராத்திரி மழை பெஞ்சா யாருடா பதில் சொல்றது?” என்பார்.

ஒரு நாள் தம்பியிடம், “தண்ணி நிச்சயமில்லாத வருஷத்துல இவ்வளவு துணிஞ்சு இறங்குறியே” என்று கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “நிலத்தைத் தரிசாப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குறீங்களே, அதுதாண்ணே துணிச்சல். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது” என்றான். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவனும் பயந்தவன்தான். வரக்கூடியது வராமல் கைநழுவிவிடுமோ என்பது அவன் பயம். கையில் இருப்பது போய்விடுமோ என்பது அண்ணனுடைய பயம். தம்பி விதைப்பில் அவசரப்படுவதும் விலைக்காக அடம்பிடித்துக் காத்திருப்பதும் ஒரே காரணத்தால்தான். அண்ணன் குறுவையை விடுவதும் களத்திலேயே விற்பதும் அப்படியே. இரண்டு பேருமே தன்னைத்தான் ஜாக்கிரதையான ஆள் என்று நம்புகிறார்கள்.

பணியில் இருந்தபோது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஒரு பயிற்சியில், ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர், சோலாப்பூர், அகோலா, மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் விவசாயிகளிடம் உண்மையான பணத்தை வைத்துப் பூவா தலையா விளையாடிப் பார்த்தார். முடிவுகள் 1980-இல் வெளியாயின. ஐம்பது ரூபாயைச் சும்மா வாங்கிக்கொண்டு போகலாம். அல்லது நாணயத்தைச் சுண்டி, ஒரு பக்கம் விழுந்தால் இருநூறு, மறுபக்கம் விழுந்தால் ஒன்றுமில்லை. நடுவில் பல படிகள்: ஒரு பக்கம் முப்பது, மறுபக்கம் நூற்றைம்பது என்பதுபோல. ஒரு நாள் கூலி சில ரூபாயாக இருந்த காலத்தில் ஐம்பது ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. ஐம்பது காசில் ஆட்டத்தைத் தொடங்கியபோது ஆளுக்கொரு பக்கம் போனவர்கள், தொகை ஏற ஏற நடுப்படிகளில் வந்து கூடிவிட்டார்கள். சொத்து உள்ளவர், இல்லாதவர் என்பதும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் நானும் இதைச் செய்து பார்த்தேன். சும்மா ஐந்து ரூபாய், அல்லது பூ விழுந்தால் இருபது. அண்ணன் ஐந்து ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பி சுண்டச் சொன்னான், தலை விழுந்தது, இன்னொரு முறை சுண்டச் சொல்லிச் சண்டை போட்டான். சரி, ஐயாயிரமும் இருபதாயிரமும் என்றால் எது வேண்டும் என்று வாய்வார்த்தையாகக் கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. “வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்றான். கடையே சிரித்தது.

அப்படியானால் பெரிய தொகை என்றால் எல்லாரும் ஒன்றுதானே, குணத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நாணய விளையாட்டில் எது நஷ்டம் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான், ஆட்டத்தை நடத்துகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். வயலில் அப்படி யாரும் சொல்வதில்லை. செலவு செய்து கருகுவது நஷ்டமா, தண்ணீர் ஓடும்போது தரிசாகக் கிடப்பது நஷ்டமா என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குணம் நுழைகிற இடம் அது என்பது என் எண்ணம்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாகாது. நான் நாலு பேரைக் கேட்டுச் செய்கிறவன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால் ஐந்தாவது ஆளைத் தேடுவேன். என் ஒன்பது மாவில் என்ன பயிர் நிற்கும் என்பது, நான் கடைசியாக அண்ணனிடம் பேசினேனா தம்பியிடம் பேசினேனா என்பதைப் பொறுத்தது என்று என் மனைவி சொல்வாள். என் பயம் பயிரைப் பற்றியதே இல்லை. தப்பு நம் தலையில் விழுந்துவிடக்கூடாது என்பதுதான். அரசு வேலைக்கு இந்தக் குணம் நன்றாகவே ஒத்துப்போனது. இன்றைக்கு வருகிற பரிந்துரைக் குறிப்புகளைப் படிக்கும்போதும், எழுதியவர் என் இனத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

இந்தக் குணத்தால் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. 2007 வாக்கில் திருந்திய நெல் சாகுபடியை எல்லா ஊரிலும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்கள். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒரே ஒரு நாற்று, இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் நடவு. முறை நல்ல முறை. ஆனால் நட்ட முதல் மூன்று வாரம் வயலைப் பார்த்தால் நட்ட மாதிரியே இருக்காது. அப்புறம்தான் தூர் கட்டி (பக்கக் கிளை வெடித்து) நிரம்பும். செயல்விளக்கத் திடலுக்கு நான் தேர்ந்தெடுத்தவர், வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர். சொன்னதை அப்படியே செய்வார், எனக்குப் பழி வராது என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பக்கத்து வயலில் நட்டு மிஞ்சிய முற்றிய நாற்றையெல்லாம் கொண்டுவந்து இடைவெளி முழுக்கச் செருகியிருந்தார். “போறவன் வர்றவன்லாம் மாடு மேஞ்சிடுச்சான்னு கேக்குறான் சார். மூணு நாளாத் தூக்கம் இல்ல” என்றார். அவர் மனைவி என்னிடம் பேசவே இல்லை. நான் அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன்: விவசாயியிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.

அடுத்த பருவம் அதே முறையை, ஊர்ச் சொல்லை எந்தக் காலத்திலும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு முரட்டு மனிதரிடம் கொடுத்தேன். ஊர் சிரித்தது. அவர் பதிலுக்கு ஊரைப் பார்த்துச் சிரித்தார். முப்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கிற நம் ஆள் அந்தப் பருவம் முழுக்க வாரம் ஒரு முறை அந்த வரப்பில் வந்து குந்தி, ஒரு குத்தில் எத்தனை தூர் என்று எண்ணிக்கொண்டு போனார். மறு வருடம் நான் சொல்லாமலே நட்டார். அந்த ஊரில் அந்த முறையைக் கடைசி வரை விடாமல் செய்தவர் அவர் ஒருவர்தான். நான் அவரிடம் முதலில் போயிருக்கக்கூடாது, இரண்டாவதாகப் போயிருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். இந்தக் குண விசேஷமெல்லாம் சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும். தன் குணப்படி முடிவெடுக்கிற வசதி அவருக்குக் கிடையாது. அவர் அவசரமாக விதைத்தால் அதைத் தம்பியின் அவசரத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. முன்பெல்லாம் கடன் வாங்கியவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்திலேயே காப்பீட்டுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், முடிவெடுக்க ஒன்றுமிருக்காது. 2020-இலிருந்து அவரவர் விருப்பம் என்றாகிவிட்டது. சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு, ஏக்கருக்கு ஐநூற்றுச் சொச்சம் வரும். அண்ணன் அடங்கலை (கிராமப் பயிர்க் கணக்கின் நகல்) வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் வாரமே கட்டிவிடுவார். தம்பிக்கு அது வீண் செலவு, பயிர் நன்றாக வந்துவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதானே என்பான். நான் நவம்பர் 15 வரை பார்ப்பேன், பெரும்பாலும் தேதியை நீட்டிப்பார்கள், நீட்டித்த தேதிக்கும் முந்தின நாள் மாலை வரிசையில் நிற்பேன். மூவருக்கும் வந்த துண்டுப் பிரசுரம் ஒன்றுதான்.

என் வேண்டுகோள் சின்னது. இனி குறுவை, சம்பா பற்றித் தங்கள் பத்திரிகையில் எழுதும்போது, என்ன செய்யலாம் என்பதோடு எந்தத் தேதிவரை அதைச் செய்யலாம், அந்தத் தேதி தாண்டினால் எதற்கு மாற வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் கடைமடைக்கு நான் சொல்கிற கணக்கு இது: ஜூலை 15-க்குள் நடவு முடியாதென்றால் குறுவையை விட்டுவிட்டு வருடத்துக்கு ஒரே பயிரான ஒருபோக சம்பாவுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் தாண்டினால் பொன்மணி வேண்டாம், 135 நாள் ரகத்துக்கு மாறிவிட வேண்டும். தம்பி மாதிரி ஆளுக்கு ‘இதற்குமேல் போகாதே’ என்று ஒரு கோடு வேண்டும். அண்ணனுக்கு வெறும் தேதி போதாது, பக்கத்து ஊரில் எந்த வயலில் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கோ, சொன்னது யார் என்று கீழே ஒரு கையெழுத்து இருந்தால் போதும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார், தம்பி நேரில் வந்துவிடுவான். இதை அனுப்பலாமா என்று வழக்கம்போல நாலு பேரைக் கேட்டேன். இரண்டு பேர் அனுப்பு என்றார்கள், இரண்டு பேர் எதற்கு வம்பு என்றார்கள். ஐந்தாவதாக மனைவியிடம் கேட்டேன். “ஸ்டாம்பு ஒட்டியாச்சுல்ல, போய்ப் போடுங்க” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்